குழாயும் வாளியும்

2024 மார்ச் மாதம் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரில் வாகனம் கழுவக் கூடாது. தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது. கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் எடுக்கக் கூடாது. அலங்கார நீரூற்றுகளை ஓட விடக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். யாராவது மீறுவதைப் பார்த்தால் 1916 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

இத்தனை இருந்தும் ஊர் முழுக்கப் பேச்சு கார் கழுவுவதைப் பற்றித்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. குளியலறைக்குள் யார் எத்தனை வாளி ஊற்றிக்கொள்கிறார்கள் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. கழிப்பறைத் தொட்டி இரவெல்லாம் ஒழுகுவது நமக்கே தெரியாது. கார் கழுவுவதோ தெருவில் நடக்கிறது. நுரையோடு ஓடும் தண்ணீர் சாக்கடையில் போய் விழுவதை, குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருப்பவர் பார்க்கிறார். அவருக்கு வயிறு எரிவதில் நியாயம் உண்டு.

அந்தத் தடையை அன்று ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் எங்களுடையது போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது நடைமுறைக்கு வந்த விதம் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீரைக் குடித்தது ரப்பர் குழாய். பிழைப்பு போனது வாளியோடு வந்து கார் துடைக்கிறவருக்கு. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூரின் கிழக்குப் பக்கம், ராமமூர்த்தி நகரைத் தாண்டி ஹொரமாவு போகும் வழியில். நகரின் இந்த விளிம்பில் பல தெருக்களுக்குக் காவிரிக் குழாய் அப்போது வந்திருக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு, அது வற்றினால் டேங்கர் லாரி, இவைதான் கதி. 2023இல் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தில் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அடுத்த மார்ச்சில், பெங்களூரில் ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். தன் வீட்டுக் கிணறும் வற்றிவிட்டது என்று துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் சொன்னதும் அதே நாட்களில்தான். நகரத்துக்கு அப்போது ஒரு நாளைக்கு 260 கோடி லிட்டர் தேவைப்பட்டது. காவிரியிலிருந்து வந்தது 147 கோடி, ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து 65 கோடி. பற்றாக்குறை ஏறத்தாழ 50 கோடி லிட்டர். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெங்களூருக்கு என்று சொந்தமாக ஒரு பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் பாறை மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. 1896இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்துக்குப் போனார்கள். 1974இல் காவிரிக்குப் போனார்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, மூன்று கட்டங்களாக மோட்டார் வைத்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். இரவும் பகலும் மின்சாரத்தால் மலையேற்றும் தண்ணீர். அதைக் கொண்டு டயரில் ஒட்டிய சேற்றைக் கழுவுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா அந்த மார்ச்சில் தொலைபேசியில் கேட்டார்: “ஏம்மா, அங்கே காவிரித் தண்ணீரில்தான் கார் கழுவுகிறீர்களாமே?” 2023 அக்டோபரில் பாசனத்துக்கு மேட்டூர்த் தண்ணீர் நிறுத்தப்பட்டதில் அவருடைய பயிரும் அடிபட்டிருந்தது. நான் பதில் சொல்லத் தடுமாறினேன். 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. ஒதுக்கியது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்று காரணத்தையும் சொல்லித்தான் ஒதுக்கியது. குடிநீருக்கு என்று கேட்டு வாங்கிய தண்ணீர் அது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இரு பக்கத்து வருத்தமும் தெரியும். ஆகவே, குடிநீரில் கார் கழுவாதே என்று வாரியம் சொன்னபோது எனக்கு அது தாமதமாக வந்த நியாயமாகவே பட்டது.

விலையை வைத்து இதைத் தடுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது தனி வீடுகளுக்கு முதல் 8,000 லிட்டர் வரை, ஆயிரம் லிட்டர் காவிரித் தண்ணீரின் விலை 7 ரூபாய். நூறு லிட்டர் கொட்டிக் கார் கழுவினாலும் 70 காசு. டேங்கர் விலையை மாவட்ட நிர்வாகம் 2024 மார்ச்சில் நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரிக்கு 600 ரூபாய். அப்படிப் பார்த்தாலும் அதே நூறு லிட்டர் 10 ரூபாய்தான். கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டா? குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்குத்தான் அது பொருட்டு. அதனால் இங்கே விதி வேண்டும், அபராதமும் வேண்டும். “காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர், என் இஷ்டம்” என்று எங்கள் குடியிருப்பிலேயே சிலர் வாதாடினார்கள். அந்த லாரி எங்கே நிரம்புகிறது? பக்கத்துக் கிராமத்தில், ஆயிரம் அடியைத் தாண்டித் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில். பாறை இடுக்கில் எத்தனையோ மழைக்காலங்களில் சேர்ந்த நீர். காசு லாரிக்கும் டீசலுக்கும் போகிறது; தண்ணீருக்கு யாரும் எதுவும் கொடுத்துவிடவில்லை.

இனி வாளிக்கு வருகிறேன்.

எங்கள் குடியிருப்பில் கார் துடைப்பவர் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணா என்பேன், அவர் என்னை அம்மா என்பார். விடியுமுன் வந்துவிடுவார். ஒரு காருக்கு மாதம் 600 ரூபாய், பைக்குக்கு 200. எங்கள் வளாகத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் அவர் கையில் இருந்தன. அவருடைய ஊர்ப்பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கும் முன்பு அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை அவருடையது. பற்களில் அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது. நல்ல தண்ணீரின் அருமையை அவருக்கு யாரும் சுவரொட்டி ஒட்டிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதல் வேலைக்குத் தண்ணீரே கிடையாது. நீளக் கைப்பிடி போட்ட நூல் துடைப்பானால் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தூசியைத் தட்டிவிடுவார். அழுத்த மாட்டார், அழுத்தினால் தூசியே உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைக் கீறிவிடும். பிறகு துணியை வாளியில் முக்கி, நன்றாகப் பிழிந்து, இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடிப்பார். அப்படி மடித்த துணிக்கு எட்டு முகம். கூரைக்கு ஒன்று, முன்கண்ணாடிக்கு ஒன்று, பானெட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று திருப்பித் திருப்பித் துடைப்பார். எட்டும் அழுக்கான பிறகுதான் துணி வாளிக்குத் திரும்பும். அதனால் வாளித் தண்ணீர் எளிதில் கலங்குவதில்லை. கதவின் அடிப்பாகமும் சக்கரங்களும் கடைசியில். அவற்றுக்கு வேறு துணி, கலங்கிப்போன மீதித் தண்ணீர். முடிவில் காய்ந்த துணியால் கண்ணாடியை ஒற்றி எடுப்பார். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். தானாகக் காயவிட்டால் கண்ணாடியெங்கும் வெள்ளைத் திட்டுகள் விழுந்துவிடும்.

இவ்வளவுக்கும் 20 லிட்டர் வாளி ஒன்று. சின்னக் கார் என்றால் மிச்சத்தில் ஒரு பைக்கையும் துடைத்துவிடுவார்.

குழாயின் கணக்கு வேறு. எங்கள் பேஸ்மென்ட்டில் ரப்பர் குழாய் மாட்டிய ஒரு தண்ணீர்த் திருகு (டேப்) இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில கார் உரிமையாளர்கள் தாங்களே அதைப் பிடித்துக்கொண்டு கழுவுவார்கள். அதே 20 லிட்டர் வாளியை அந்தக் குழாயின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிட்டது. அதாவது நிமிடத்துக்கு 13 லிட்டர். பத்து நிமிடம் பிடித்தால் 130 லிட்டர். அதில் பாதி நேரம் குழாய் தரையில் கிடந்து ஓடும். கையிலோ சோப்புத் துணி இருக்கும்.

இப்போது அந்த 50 கோடி லிட்டரை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் கார்கள் 20 லட்சத்துக்கும் மேல். எல்லாமே ஒரே நாளில் கழுவப்படுவதில்லை. ஆனாலும் அளவு புரிவதற்காகப் போட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் காரையும் பத்து நிமிடம் குழாயில் கழுவினால் 26 கோடி லிட்டர். நகரத்தின் ஒரு நாள் பற்றாக்குறையில் பாதிக்கு மேல். அதே காரையெல்லாம் வாளியில் துடைத்தால் 4 கோடி. வாளியைப் பாதியாக்கினால் 2 கோடி. வாளிக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் இந்த 22 கோடி லிட்டர்தான் உண்மையான விஷயம். ஒரு விதி இந்த இடைவெளியைப் பிடிக்க வேண்டும். வாளியையும் குழாயையும் ஒரே தராசில் போட்டுவிட்டு, கையில் அகப்பட்டவரைப் பிடிப்பதில் என்ன பயன்?

எங்கள் குடியிருப்போர் சங்கம் அதைத்தான் செய்தது. உத்தரவு வந்த வாரமே மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்: வளாகத்துக்குள் வாகனம் கழுவுவது அடுத்த அறிவிப்புவரை தடை செய்யப்படுகிறது, அபராதம் வந்தால் கழுவியவரே கட்ட வேண்டும். உத்தரவு குடிநீரைப் பற்றியது. அறிவிப்பில் குடிநீர் என்ற சொல்லே இல்லை. 5,000 ரூபாய் அபராதம் என்றால் எட்டுக் கார்களின் மாதக் கூலி. அதை அந்த அண்ணன் தலையில் வைத்தார்கள். அவர் மறுநாளே வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். “எதற்கு அம்மா வம்பு” என்றார். துடைக்காத மாதத்துக்குக் கூலி எதற்கு என்று பெரும்பாலான வீடுகள் பணத்தை நிறுத்திக்கொண்டன. சமையல்காரரும் வீட்டு வேலை செய்பவரும் விடுப்பு எடுத்தால் பேரம் பேசாத வீடுகள் கூட இதில் பேரம் பேசின.

அதே வீடுகளின் கார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போயின தெரியுமா? சாலையோரத்து வாட்டர் வாஷ் கடைக்கு. அங்கே காரை மேலே தூக்கி, அடியிலும் பக்கத்திலும் பிரஷர் கன்னால் அடித்து, நுரை போட்டு, மறுபடி அடித்து அனுப்புவார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சொந்த ஆழ்துளைக் கிணறாம். கழுவிய தண்ணீர் ஆயிலும் கிரீஸுமாக நேரே தெருவோர வடிகாலில் போனது. எங்கள் பேஸ்மென்ட் சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தது. சங்கத்தில் அதைக் காட்டி மகிழ்ந்தார்கள். தண்ணீர்ச் செலவு வளாகத்தின் மதிலைத் தாண்டிப் போய்விட்டதே தவிரக் குறையவில்லை. குறைந்தது ஒருவருடைய வருமானம்.

அந்த மாதக் கடைசியில், தடையை மீறிய 22 குடும்பங்களிடம் 1.1 லட்சம் ரூபாய் அபராதம் வசூலானதாகச் செய்தி வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊரில் 22. வாரியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்த அரசு அமைப்பாலும் எல்லா வாசலையும் காவல் காக்க முடியாது. இப்படிப்பட்ட விதியைச் செயல்படுத்துவது கடைசியில் குடியிருப்புச் சங்கங்களும் அக்கம்பக்கத்தாரும்தான். அதனால்தான் சங்கம் விதியை எப்படிப் படித்துக்கொள்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

விதியைக் கூர்மையாக எழுதிய ஊர்கள் உண்டு. 2014இல் கலிஃபோர்னியா கடும் வறட்சியில் இருந்தபோது, மாநிலம் முழுமைக்கும் வந்த அவசர விதியில், முனையில் அடைப்பான் இல்லாத குழாயால் கார் கழுவுவது குற்றம் என்றார்கள். கையை எடுத்தால் தானாக நின்றுவிடும் விசை குழாயின் முனையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம். வாளியைத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் நீண்ட வறட்சியின் நடுவில், 2007இல், இன்னும் கடுமையாக இருந்தது. வீட்டில் கார் கழுவவே கூடாது. ஆனால் கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடி, விளக்குகள் ஆகியவற்றை வாளியில் துடைத்துக்கொள்ளலாம். பெயின்ட்டை அரிக்கும் கறை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் துடைக்கலாம். வண்டி ஓட்டுவதற்குக் கண் தெரிய வேண்டும் என்பதையும், பறவை எச்சம் நாள்பட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதையும் யோசித்து எழுதிய விதி. தில்லியில் 2024 மே மாதக் கடைசியில் தண்ணீர் வீணடிப்புக்கு 2,000 ரூபாய் அபராதம் அறிவித்து 200 குழுக்களை அனுப்பினார்கள். அங்கே முதலில் சொல்லப்பட்ட குற்றம், குழாய் வைத்துக் கார் கழுவுவது. குழாய் என்று பெயர் சொல்லியே சொன்னார்கள்.

பெங்களூருக்கு மெல்போர்ன் போன்ற விலக்கு கட்டாயம் வேண்டும். மார்ச், ஏப்ரலில் இங்கே மரங்களின் அடியில் கார் நிறுத்தியவர்களுக்கு நான் சொல்வது புரியும். புங்கம்பூ கொட்டி வைப்பரின் இடுக்கில் சேர்ந்துவிடும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற வண்டியில் பிசுக்குத் துளிகள் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, இரவில் எதிரே வரும் விளக்கொளி பட்டதும் கண்ணாடி முழுக்க மங்கிவிடும். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு துணியும் போதும் இதற்கு. அந்த ஒரு குவளையையும் குற்றம் என்றால் மனிதர்கள் விதியையே மதிக்க மாட்டார்கள்.

2019இல் சென்னை வறண்டபோது இப்படி ஒரு தடையைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழவில்லை என்று நினைக்கிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அண்ணா நகரில் இருக்கும் என் அக்கா வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சேர்த்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். அவர்கள் தெருவில் கார்கள் புழுதி மூடி நின்றன. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. குழாயே காய்ந்துவிட்ட ஊரில் விதிக்கு வேலையில்லை. பெங்களூரில் நிலைமை அப்படியில்லை. நகரின் நடுவில் காவிரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஓரத்தில் வரவில்லை. ஒரே ஊருக்குள் இப்படி ஏற்றத்தாழ்வு இருக்கும்போதுதான் விதி தேவைப்படுகிறது, அந்த விதி நியாயமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் பொதுக்குழுவில் இதைப் பேசினேன். குழாயைக் கழற்றிவிடுவோம், வாளியை அனுமதிப்போம், அதையும் குடிநீரில் நிரப்ப வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் வளாகத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதில் வரும் தண்ணீர் கழிப்பறைகளுக்கும் செடிகளுக்கும் போனது போக, மிச்சம் நாள்தோறும் வடிகாலில் போய்க்கொண்டிருந்தது. அதே வாரங்களில் சின்னசாமி மைதானத்தின் புல்லுக்குக் கப்பன் பூங்கா நிலையத்திலிருந்து சுத்திகரித்த தண்ணீர் கொடுத்தார்கள். வறண்ட ஏரிகளை அப்படிப்பட்ட தண்ணீரால் நிரப்பவும் தொடங்கினார்கள். கிரிக்கெட் மைதானத்துக்கு ஆகும் என்றால் காருக்கு ஆகாதா?

சங்கத்தின் செயலாளர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். வாளியை விட்டால் நாளைக்குக் குழாய் வந்துவிடாதா? வரும்தான், அந்தத் திருகு அங்கே இருக்கிறவரை. திருகையே எடுத்துவிட்டால்? இரண்டாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் என் பக்கம் பேசினார். அவரும் ஒரு கேள்வி வைத்தார். அது என் யோசனைக்கே வராத கேள்வி. அந்தத் தண்ணீரில் தினமும் கை வைக்கப் போவது யார்? காருக்கு ஒன்றும் ஆகாது. இருபது காருக்குத் துணி பிழிகிறவரின் தோல் என்ன ஆகும்?

அதற்குப் பதில் தேடித்தான் நாள் ஆனது. சுத்திகரித்த தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வாடை இருந்தது, கிருமி நீக்கம் போதவில்லை என்றார்கள். நுண்வடிகட்டி ஒன்றும் குளோரின் கலக்கும் அமைப்பும் கூடுதலாகப் பொருத்தினோம். செலவை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொண்டன; கார் இல்லாத வீடுகள் முணுமுணுத்தன, அதிலும் நியாயம் உண்டு. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். பேஸ்மென்ட்டில் பழைய திருகை எடுத்துவிட்டு, சுத்திகரித்த நீர் வரும் புதுத் திருகை முட்டி உயரத்தில், குழாய் மாட்ட முடியாத வாயோடு வைத்தோம். பக்கத்திலேயே ஒரு மீட்டர்.

வெள்ளைத் திட்டுப் பிரச்சினை அந்தத் தண்ணீரிலும் இருந்தது. கழுவிய பின் அலச வேண்டாத ஒரு வகை ஷாம்பு கடையில் கிடைக்கிறது. மூடியளவு எடுத்து அரை வாளியில் கலந்தால் போதும், அழுக்கை வழுக்கி எடுக்கும், கீறல் விழாது. அந்த அண்ணனிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார், என் காரின் பின்கதவில் மட்டும் முதலில் துடைத்துப் பார்த்தார். “பரவாயில்லை அம்மா, துணி ஓடுகிறது” என்றார். அதன் பிறகு அரை வாளி வழக்கமாகிவிட்டது.

இதற்கெல்லாம் முன்பே அவர் ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தார். இங்கே கட்டட வேலைகளும் தண்ணீரில்லாமல் பாதியில் நின்றதால் வேறு கூலி வேலையும் அகப்படவில்லை. திரும்பி வந்தபோது அவரிடம் இருந்த கார்களில் சில, காரைக் கழுவித் தரும் செயலிச் சேவைகளுக்குப் போயிருந்தன. விட்டுப்போன மாதங்களின் கூலியைக் கொடுக்கும்படி நானும் அந்தப் பொறியாளரும் வீடு வீடாகக் கேட்டோம். சிலர் முழுதாகக் கொடுத்தார்கள், சிலர் பாதி, சிலர் கதவோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், முக்கியமாக 2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு. இனிக் கவலையில்லை என்று பலர் சொன்னார்கள். 2025 பிப்ரவரியிலேயே வாரியம் மறுபடி அதே தடையைக் கொண்டுவந்தது, அதே 5,000, அதே 500. அதுவே சரி. ஆறு கொடுக்கும் வரைதான் குழாய் கொடுக்கும். இந்த முறை எங்கள் அறிவிப்பு வேறு மாதிரி இருந்தது: குடிநீரில் வாகனம் கழுவக் கூடாது, பேஸ்மென்ட்டில் சுத்திகரித்த நீர் மட்டும், வாளியில் மட்டும், அபராதம் வந்தால் கார் உரிமையாளரே கட்ட வேண்டும்.

வாட்டர் வாஷ் கடைகளைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை என்பது எனக்குக் கவலை. கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கி, மண்ணை அடியில் தங்கவிட்டு, மிதக்கும் ஆயிலைப் பிரித்து, வடிகட்டி, அதே நீரை முதல் சுற்றுக் கழுவலுக்குத் திரும்பப் பயன்படுத்துவது புதிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பஸ் பணிமனைகளில் இதைச் செய்ய முடிகிறது. கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தொட்டி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சின்னக் கடைக்காரர்களால் முதல் போட முடியாது என்றால், சுத்திகரித்த நீரை லாரியில் மலிவாகக் கொடுக்கலாம்.

எங்கள் சங்கத்தில் எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. தண்ணீர்த் தடை காரணமாக வேலை நின்றால், நின்ற மாதங்களுக்கும் கார் துடைப்பவரின் கூலி பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்பட வேண்டும் என்று துணை விதியில் எழுத வேண்டும். போன பொதுக்குழுவில் அதைக் கொண்டுவந்தேன். பேசுவதற்கு நேரமில்லை என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த கூட்டம் ஜனவரியில், கோடைக்கு முன்பு. எங்கள் மாடியில் எல்லா வீடுகளிலும் கையெழுத்து வாங்கிவிட்டேன், மற்ற மாடிகளுக்கு இந்த வாரம் போகிறேன்.